பொருளற்ற ஒலியின் பொருள்

வெகுசனக் கலையென்றதும் முகஞ்சுளிப்பதும், வணிக நிறுவனம் வெளியிட்டதெனின் ஆராயாமலே ஒதுக்குவதும் முற்போக்கு விமர்சனத்தின் இலக்கணமென நம்மிற் சிலர் கருதுகின்றனர். கலையைச் சமுதாய உற்பத்தியாகக் காண்போர்க்கு அஃது அடாது. அமெரிக்க றொக் அண்ட் றோல் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான லிற்றில் றிச்சார்ட் (1932-2020) விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளைக்கொண்டு இதனை விளக்கலாம்.

றிச்சார்ட் பெனிமன் என்னும் இயற்பெயருடைய இவர் ஜோர்ஜியா மாநிலத்து மேக்கன் நகரிற் பெரியதொரு கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தவர். 1951இலேயே இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கினாரெனினும் நாடறிந்த பெயர் கிட்டவில்லை. 1952இல் தந்தை சுட்டுக்கொல்லப்பட்டார். மேக்கன் பேருந்து நிலையத்துச் சமையலறையிற் பாத்திரங் கழுவும் வேலையே மகனுக்குச் சோறளித்தது.

1955 செப்டெம்பரில் ஸ்பெஷால்டி நிறுவனத்துக்காக நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடைபெற்ற ஒலிப்பதிவு இவர் வாழ்வை மாற்றியது. முதலிற் பாடியவை பழகிய தடத்திலேயே அமைந்தன. இடைவேளையில் இவர் பியானோவை அறைந்து பாடிய மதுச்சாலைப் பாட்டொன்று தயாரிப்பாளர் பிளாக்வெல்லின் செவியிற் பட்டது. கொச்சையான அடிகளை டொரதி லபோஸ்ட்றி என்னும் பெண் மாற்றியமைக்க, ‘டுட்டி புரூட்டி’ சொற்ப நேரத்திற் பதிவாயிற்று.

இப்பாட்டின் தொடக்கத்திலே சொல்லென்று எதுவுமில்லை. முழங்கும் ஒலிக்கோவை ஒன்றே உண்டு. ‘இதில் என்ன கருத்து?’ எனக் கேட்போர் உளர். அதற்கான விடையைப் பாடகரே பின்னாளிற் கூறியுள்ளார். கழுவக் கழுவப் பாத்திரங்களைக் கொண்டுவந்து குவித்த முதலாளியை எதிர்த்துப் பேச இயலாத நிலையில், வாயிலிருந்து வெடித்த ஒலியே அதுவாம். நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென் மாநிலத்திலே கறுப்பினத் தொழிலாளி வெள்ளை முதலாளிக்கு மறுமொழி கூறுவது உயிருக்கே ஆபத்து. சொல் தடுக்கப்பட்ட இடத்தில் ஒலி பிறந்தது. கருத்தைச் சொற்களில் மட்டுமே தேடும் விமர்சனம் இத்தகைய கலையின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

இப்பதிவுகளின் உருவமும் தனியொருவரின் படைப்பன்று. இவருடைய வலக்கை பியானோவிற் சீராக எழுப்பிய விரைந்த தட்டுகளுக்கு ஈடுகொடுக்கவே, மத்தளக் கலைஞர் ஏர்ள் பாமர் பழைய ஊசல் நடையைக் கைவிட்டு நேர்நடையைக் கையாண்டார். றொக் இசையின் அடித்தாளமாகப் பின்னர் உலகெங்கும் பரவியது இந்நடையே. ஒலிப்பதிவுக்கூடத்தில் உடன் உழைத்தோரின் கூட்டுழைப்பே ‘புதிய பாணி’ ஆயிற்று.

இனி, உழைப்பின் பயன் யாரைச் சென்றடைந்தது? பாட்டின் வெளியீட்டுரிமை ஐம்பது டொலருக்குக் கைமாறியது. விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் பாடகர் பெற்றது அரைச் சதம். அதே பாட்டை வெள்ளையினப் பாடகர் பற் பூன் மென்மைப்படுத்திப் பாடினார். பில்போர்ட் இதழின் பொதுப் பட்டியலிலே மூலப்பாட்டு 17ஆம் இடத்தையும், நகல் 12ஆம் இடத்தையும் பெற்றன. அடுத்து வந்த ‘லோங் டோல் சாலி’யைப் பூனின் நா பின்தொடர இயலாத வேகத்திற் பாடும்படி பிளாக்வெல் செய்தார். பூன் அதனையும் பாடினார். ஆயின் இம்முறை மூலம் 6ஆம் இடத்திலும் நகல் 8ஆம் இடத்திலும் நின்றன. ஆகவே, அவ்வேகத்தை வெறும் இளமைத் துள்ளலெனக் கொள்ளலாகாது. அபகரிப்பவனின் கைக்கு எட்டாமல் ஓடிய உழைப்பாளியின் தற்காப்பும் அதிலே உண்டு.

இவரை அப்பழுக்கற்ற புரட்சியாளராகச் சித்திரிப்பது நமது நோக்கமன்று. தம் மக்களின் போராட்டத்தை இவர் நேராகப் பாடியவரல்லர். 1957இல் அவுஸ்திரேலியாவிற் புகழோடு பாடித் திரிந்த வேளையில் திடீரென இவ்விசையைத் துறந்து சமயத்தை நாடினார். மீண்டுவந்து 1964இற் பழைய பாட்டுகளை வேறொரு நிறுவனத்துக்காகத் திரும்பப் பாடியபோது, குரல் இருந்தது. பழைய நெருப்பு இல்லை. இவருடைய மரபின் உயிர்ப்பகுதி 1955 முதல் 1957 வரையான குறுகிய காலத்துப் பதிவுகளே எனத் துணியலாம். அப்பதிவுகளோ இவர் உடைமையல்ல. தன் குரலின் உரிமையை இழந்த கலைஞன் தன்னைத்தானே நகலெடுத்துப் பிழைக்க நேர்வது முதலாளித்துவப் பண்பாட்டின் கொடிய முரண்களுள் ஒன்றாகும். கொடுபடாத பங்குப்பணத்துக்காக 1984இல் இவர் தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது.

ஆயினும், சுரண்டிய அதே இயந்திரமே அக்குரலைக் காத்தது என்பதையும் நாம் மறுக்கவியலாது. தட்டில் ஏறியிராவிடின் அது மதுச்சாலைக் காற்றோடு கலந்து மறைந்திருக்கும். 2010ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘டுட்டி புரூட்டி’யைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. பாத்திரங் கழுவியவனின் அடக்கப்பட்ட மறுமொழி நாட்டின் செல்வமென அரசு நிறுவனமே ஏற்றுக்கொண்ட செய்தி இது.

சந்தைக்கு வந்ததனாலேயே ஒரு கலை மக்கள் கலையல்லாமற் போவதில்லை. சந்தையில் வென்றதனாலேயே மக்கள் கலை ஆகிவிடுவதுமில்லை. யாருடைய உழைப்பு, யாருடைய உடைமை, எந்த வாய் மூடப்பட்டதால் இவ்வொலி எழுந்தது என்னும் வினாக்களை எழுப்புவதே விமர்சகர் கடமை. வகுப்பறையிலே இலக்கியம் கற்பிப்போரும் கற்போரும் நாட்டார் பாடலிடத்து இவ்வினாக்களைத் தயங்காது எழுப்புகின்றனர். இசைத்தட்டினிடத்தும் அவற்றை எழுப்புவோமாக.