வாய்க்குச் சொன்ன வைத்தியம்

ரொறொன்ரோத் தமிழ்க் கடைகளில், காசு வாங்கும் மேசைக்கு அருகே அடுக்கி வைத்திருக்கும் இலவசப் பத்திரிகைகளில் நலவியல் பக்கம் இல்லாத ஒன்றைக் காண்பது அரிது. வீடு விற்பவரின் சிரித்த முகத்துக்கும் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கும் இடையில் அது எப்படியோ தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சில வருடங்களாக நான் இந்தப் பக்கங்களையும், மருத்துவ நிலையங்களின் வாசலில் வைக்கப்படும் தமிழ்த் துண்டுப்பிரசுரங்களையும் சேர்த்து வருகிறேன். இவற்றை யாரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. விமர்சகர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் புலம்பெயர்ந்த தமிழில் கவிதையைவிடவும் சிறுகதையைவிடவும் அதிகம் பேர் நம்பி வாசிக்கிற உரைநடை இதுதான் என்று எனக்குப் படுகிறது. நம்பி வாசிக்கப்படுகிற ஒன்று எப்படி எழுதப்படுகிறது என்று கேட்க வேண்டும்தானே.

முதலில் அதன் மொழி. இந்த எழுத்தின் வினைச்சொற்கள் ஏறத்தாழ எல்லாமே ஏவல். குறையுங்கள், தவிருங்கள், நடவுங்கள், மறவாதீர்கள். சோற்றைக் குறையுங்கள். நாளுக்கு அரை மணி நேரம் நடவுங்கள். மன அழுத்தத்தைத் தவிருங்கள். (தவிர்க்க முடிந்திருந்தால் நாங்கள் இந்த நாட்டுக்கே வந்திருக்க மாட்டோம்.) இந்த ஏவல்களுக்கு மறுபக்கத்தில் நிற்கிற மனிதர் யார் என்று பார்த்தால், அவருக்கு ஒரு வாய் இருக்கிறது, இரண்டு கால்கள் இருக்கின்றன, வேறொன்றும் இல்லை. அவருக்குச் சம்பளம் இல்லை, வேலை நேரம் இல்லை, வாடகை இல்லை, ஊரிலிருந்து அழைக்கும் தொலைபேசி இல்லை. அவர் ஒரு தெருவில் வாழ்வதாகக்கூடத் தெரியவில்லை.

நான் இருப்பது ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஐம்பதுகளில், எல்லோரிடமும் கார் இருக்கும் என்ற நினைப்பில் கட்டப்பட்ட பகுதி. லோறன்ஸ் அவெனியூ இங்கே தெருவல்ல, ஆறு. கடைத்தொகுதிகள் அதன் கரையில், முன்னால் பரந்த கார்த் தரிப்பிடத்தோடு, பின்வாங்கி நிற்கின்றன. வோடன் வீதிச் சந்தியில் கடப்பதென்றால் விளக்கு மாறுமுன் ஒரு வயதான அம்மா மறுகரை சேர்வது உறுதியில்லை. மாசி மாதத்தில் கடவைகளின் ஓரத்தில் உறைபனி மேடுகட்டி நிற்கும். ‘நடவுங்கள்’ என்று எழுதிய கை இந்தத் தெருவை நினைத்து எழுதியதல்ல.

எங்கள் கட்டடத்தில் ஒரு அக்கா, ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஏஜென்சி ஒன்றின் மூலம் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. சீனி வருத்தம் வந்து எட்டு வருடம். “பின்னேரத்தில கொஞ்சம் நடக்கலாந்தானே அக்கா?” என்று கேட்டேன். “எந்தப் பின்னேரம் தம்பி? என்ர பின்னேரம் விடியப்புறம் நாலு மணிக்கெல்லோ வருது” என்றார். அவருடைய குளிசைப் போத்தலில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருந்தது. வீடு வந்து சேர்ந்ததும் காலைக் குளிசையைப் போட்டுவிட்டு, களைப்பில் சாப்பிடாமல் படுத்துவிடுவார். சீனி இறங்கி, நடுப்பகலில் உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கி எழும்புவார். அதை அவர் கெட்ட கனவு என்று நினைத்திருந்தார். கெட்ட கனவுக்கு எங்களிடம் காரணங்களா குறைவு? கடைசியில் ஒரு தாதி, ‘காலை’ என்பதை வெட்டிவிட்டு ‘எழும்பிச் சாப்பிடும்போது’ என்று எழுதிக் கொடுத்தார். ஒரு சொல் மாற்றம். எட்டு வருடமாக அந்தச் சொல்லை யாரும் கேட்கவில்லை.

மருத்துவத்துக்கு மணிக்கூட்டை மாற்றத் தெரியாது என்றில்லை. இதே லோறன்ஸ் அவெனியூவில் அரபுக் கடைகள் நிறைய. நோன்பு மாதத்தில் நீரிழிவுக்காரர் எந்த மருந்தை நோன்பு திறக்கும்போது எடுப்பது, எதைச் சகர் உணவோடு எடுப்பது, எப்போது நோன்பை விட்டுவிடுவது என்பதற்கெல்லாம் 2016 இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் சம்பந்தப்பட்டு விரிவான வழிகாட்டியே வெளிவந்திருக்கிறது. நல்ல காரியம். ஒரு மாதத்துக்கு மாறும் நேரத்தை மருத்துவ எழுத்து கவனித்திருக்கிறது. வருடம் முழுவதும் மாறிக் கிடக்கும் நேரத்தைப் பற்றி என் தமிழ்ச் சேகரிப்பில் ஒரு துண்டுகூட இல்லை.

‘வாழ்க்கைமுறை’ என்ற சொல் இந்தப் பக்கங்களுக்கு எங்கிருந்து வந்தது? 1974 இல் கனடாவின் சுகாதார அமைச்சர் மார்க் லலொண்ட் வெளியிட்ட அறிக்கை, மனித நலத்தைத் தீர்மானிப்பவை நான்கு என்றது: உயிரியல், சூழல், வாழ்க்கைமுறை, மருத்துவச் சேவையின் அமைப்பு. நலம் ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் உண்டாகிறது என்று ஒரு அரசு சொன்னது அந்நாளில் பெரிய விடயம்தான். ஆனால் நான்கில் வாழ்க்கைமுறையே பிழைத்துக்கொண்டது. சூழலை மாற்றப் பணம் வேண்டும். வாழ்க்கைமுறையை மாற்ற ஒரு துண்டுப்பிரசுரம் போதும் என்று நினைத்தார்கள். நோயாளியைக் குற்றவாளியாக்குகிறது என்ற கண்டனம் இந்த நாட்டிலேயே எழுந்தது. 1986 நவம்பரில் ஒட்டாவாவில் கூடிய உலக மாநாட்டின் சாசனம், நலத்துக்கு முன்தேவைகளை வரிசைப்படுத்தியது. அதில் முதலாவது சமாதானம். இரண்டாவது இருப்பிடம். பிறகுதான் கல்வி, உணவு, வருமானம் என்று போகிறது. அதே வருடம் ஓகஸ்டில்தான் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். முதலாவதும் இரண்டாவதும் இல்லாமல் வந்தவர்கள். மூன்று மாத இடைவெளியில் நடந்த இவ்விரண்டையும் சேர்த்து யோசித்த ஒரு தமிழ்க் கட்டுரையை நான் வாசித்ததில்லை. லலொண்டின் நான்கிலொன்றை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றுவிட்டோம்.

2007 இல் ஒன்ராறியோவின் மருத்துவ ஆய்வாளர்களான கிளேசியர், பூத் முதலியோர் ரொறொன்ரோவின் நீரிழிவைப் படமாக வரைந்து ஒரு தொகுதி வெளியிட்டார்கள். நகரத்தின் நடுவில் நோய் குறைவு; வடமேற்கு மூலையிலும் கிழக்கே ஸ்காபரோவிலும் அதிகம். வருமானம் குறைந்த, குடிவந்தவர்கள் கூடிய, கடைக்கும் பூங்காவுக்கும் நடந்துபோக வசதியற்ற இடங்கள் அவை. மூன்று வருடம் கழித்து வந்த இன்னொரு ஆய்வு, ஒன்ராறியோவுக்குக் குடிவந்தவர்களில் தெற்காசியருக்கு நீரிழிவு வருவதற்கான வாய்ப்பு மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தோரைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்றது. இரண்டாவதை எங்கள் நலவியல் பக்கங்கள் உடனே பிடித்துக்கொண்டன: எங்கள் இரத்தம், எங்கள் சோறு, எங்கள் மரக்கறியில் ஊற்றும் தேங்காய்ப்பால். இரத்தத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை, அது இருக்கிறது. ஆனால் முதலாவது படத்தை யாரும் எங்கள் மொழிக்குக் கொண்டுவரவில்லை. இரத்தம் எங்களுடையது, தெரு மாநகரசபையுடையது. எங்களுடையதைப் பற்றி மட்டும் எங்களைத் திட்டுவது சுகமாக இருக்கிறது.

இன்னுமொன்று. 2018 ஜனவரியில் ஒன்ராறியோத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்பு வந்தது. 2019 ஜனவரியில் அது பறிபோனது. ‘மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தத்தைச் சோதியுங்கள்’ என்ற வரி அந்த இரண்டு வருடத்திலும் அச்சு மாறாமல் வந்தது. சோதிக்கப் போகும் நாளின் கூலியை யார் கொடுப்பது என்பது நலவியல் அல்ல, அரசியல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் போலும்.

தமிழில் மருத்துவ எழுத்து என்றுமே இப்படி இருந்ததில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு உடற்கூற்றியலையும் சத்திர சிகிச்சையையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழில் கொண்டுவந்தவர். மதம் பரப்ப வந்தவர் என்பதும் உண்மை. ஆங்கிலத்தில் படித்தவன் அரச உத்தியோகம் தேடிப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரிலே நிற்பான் என்பது அவருடைய கணக்கு. அதாவது, வைத்தியன் எங்கே வாழ்கிறான் என்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்று அவர் கண்டிருந்தார். ஊரில் பட்டம் பெற்ற மருத்துவர்கள் இங்கே அனுமதிப் பத்திரத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்து வேறு வேலைக்குப் போய்விடுவதைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

அவருக்குப் பின் வந்தவர்களில் நந்தியை நாங்கள் சரியாக வாசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராயிருந்த அவர் எழுதிய ‘மலைக்கொழுந்து’, தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பற்றிய நாவல். தோட்டத்து வைத்தியராக இருந்த தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’யும் மலையகத்தில்தான் நிற்கிறது. இரண்டு மருத்துவர்கள்; நாவல் எழுத உட்கார்ந்தபோது இருவரும் நோயை எழுதவில்லை. லயத்தையும் கூலியையும் நிலத்தையும் எழுதினார்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாததை நாவலில் எழுதினார்கள் என்று நான் இதை வாசிக்கிறேன். அந்த நாவல்களின் கலைத்தரத்தில் எனக்குச் சில குறைகள் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் கருத்தைச் சுமந்துகொண்டு நடக்கின்றன. ஆனால் அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்பதில் குறையில்லை.

அப்படியானால் எங்கள் புலம்பெயர் சிறுகதை? அதற்கு வேலை நேரம் தெரியும், பேஸ்மெண்ட் தெரியும், கிளீனிங் வேலை தெரியும். ஆனால் கதைக்குள் நோய் வந்தவுடன் அது குறியீடாகிவிடுகிறது. நெஞ்சுவலி வந்தால் அது ஊரின் ஏக்கம். கால் மரத்தால் அது வேரறுந்த வலி. பனிக்குள் ஒருவர் விழுந்தால் அகதியின் விதி. யாரும் வெறும் நரம்புக் கோளாறால் காலை இழப்பதில்லை, காலணி பொருந்தாமல் புண் வருவதில்லை, மருந்துக் காசை மிச்சம் பிடிக்கக் குளிசையைப் பாதியாக உடைப்பதில்லை. இந்த மாகாணத்தில் வைத்தியரைப் பார்க்கக் காசில்லை. அவர் எழுதித் தரும் மருந்துக்கோ, வேலைத்தலக் காப்புறுதி இல்லாத நடுவயதுக்காரர் பெரும்பாலும் தன் கையால்தான் கட்ட வேண்டும். இந்த ஒரு முரணுக்குள்ளேயே பத்துக் கதைகள் இருக்கின்றன. பத்திரிகையின் நலவியல் பக்கம் மனிதரை வாயாக்குகிறது, எங்கள் கதை மனிதரை உருவகமாக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த அக்கா விடியப்புற பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்.

நடுவில் நின்று எழுதலாம் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லலாம். 1967 இல் ஜோன் பேர்ஜர், ழான் மோரின் புகைப்படங்களோடு, ஒரு ஆங்கில நாட்டுப்புற வைத்தியரைப் பற்றி எழுதிய ‘அதிர்ஷ்டசாலியான ஒரு மனிதன்’. அந்த வைத்தியரை அவர் மரம்வெட்டிகளும் கூலிகளும் வாழும் அந்த ஊரின் எழுதுவினைஞராகக் காண்கிறார். நோயாளி தன்னை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு அவரைக் கேட்கிற ஒருவராக. ஆனால் அந்த மக்களின் வறுமையை வைத்தியர் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியைப் பேர்ஜர் மூடிவிடவில்லை. அந்த வைத்தியர் 1982 இல் தற்கொலை செய்துகொண்டார். கேட்பதற்கும் ஒரு விலை உண்டு போலிருக்கிறது. ஆறேழு நிமிடத்தில் ஒரு நோயாளி என்று வரிசை நகரும் இங்கே, அப்படிக் கேட்கச் சொல்லி எந்த வைத்தியரை வற்புறுத்துவது என்றும் எனக்கு யோசனை வருகிறது.

யோசனை என்ற சொல்லிலேயே வந்து நிற்கிறேன். தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராக இருந்து எழுதியவற்றில், யுத்தத்தின் துயரம் எங்களுடைய மக்களிடம் பெரும்பாலும் உடம்பின் முறைப்பாடாகவே வருகிறது என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்: தலையிடி, மேல் உளைவு, நெஞ்சடைப்பு, கைகால் எரிவு. துண்டுப்பிரசுரங்களில் ‘மன அழுத்தம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது மொழிபெயர்ப்பில் வந்த சொல். எங்கள் அம்மாமார் அதைப் பாவிப்பதில்லை. அவர்களுடைய சொல் யோசனை. ‘எனக்கு யோசனை கூடிப்போச்சு’ என்றால் நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காணாமற்போன மகனின் முகம் கண்ணுக்குள் நிற்கிறது என்று பொருள். அந்தச் சொல் ஒரு வியாதி விபரமும் ஒரு குடும்ப வரலாறும் சேர்ந்தது.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளைத்தான் கூட்டிப் போகிறார்கள். ஒரு மருத்துவ நிலையத்தில் தொண்டராக இருந்தபோது கண்டது: பன்னிரண்டு வயதுப் பையன், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தாயோடு வந்திருந்தான். தாய் நெஞ்சில் கை வைத்து, “எனக்குச் சரியான யோசனை எண்டு சொல்லு ராசா” என்றார். பையன் கொஞ்சம் தயங்கி, அம்மா நிறைய யோசிக்கிறவ என்று ஆங்கிலத்தில் சொன்னான். வைத்தியர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டு, அது நல்ல பழக்கம்தானே என்றார். பிறகு இரத்த அழுத்தத்தை அளந்தார். உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தார்.