பெயர் சொல்லும் சிவப்பு, எண் சொல்லும் சிவப்பு

மீஞ்சூரிலிருந்து அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வரை அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் நிறைந்த பகுதியில் சிவப்பு வெறும் அழகுக்காகப் பூசப்படுவதில்லை. தீயணைப்புக் குழாய்க்கு ஒரு சிவப்பு. துருவைத் தடுக்க இரும்பில் முதலில் பூசும் ரெட் ஆக்சைடு வேறு. இவற்றைப் பிரித்துச் சொல்ல ஆங்கிலப் பெயர்களையே நம்புகிறோம். பெயின்ட் நிறங்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 5, ஃபயர் ரெட்டுக்கு 536, சிக்னல் ரெட்டுக்கு 537, போஸ்ட் ஆபீஸ் ரெட்டுக்கு 538, கிரிம்சனுக்கு 540, மெரூனுக்கு 541 என எண் தந்திருக்கிறது. பல மொழிக்காரர்கள் சேர்ந்து உழைக்கும் இடத்தில் எல்லோருக்கும் பொதுவான பெயர் கிடைப்பது ஆங்கிலப் பெயர் சொல்லும் வழக்கத்தின் பலம். ஆனால், துல்லியத்தைத் தருவது பெயரா, எண்ணா?

பெயர்களின் பிறப்பைப் பார்த்தால் விடை தெரியும். ஸ்கார்லெட் முதலில் நிறமே அல்ல, உயர்ரகத் துணி. மெரூன், செஸ்ட்நட் கொட்டைக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கிரிம்சன், சாயம் தந்த ஒரு பூச்சியின் பெயரில் பிறந்தது. நம் அரக்கும் பூச்சி தந்ததுதான். குங்குமம், செந்தூரம், மாதுளை, பவழம், செங்காவி எல்லாமே பொருளைக் காட்டி நிறத்தைச் சொல்பவை. ஆகவே ஆங்கிலம் நுட்பமானது, தமிழுக்கு எல்லாமே சிவப்பு என்பது சரியல்ல. இரு மொழிகளும் ஒரே வழியில்தான் பெயரிட்டிருக்கின்றன. எந்தப் பெயருக்கும் அளந்து வைத்த எல்லை கிடையாது.

மெரூன் என்று சொல்லாமல் ஜவுளிக்கடையில் புடவை வாங்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் அங்கே புடவையை விரித்துக் காட்டுகிறார்கள். பெயர் தேடலைத் தொடங்கி வைக்கிறது, கண் முடித்து வைக்கிறது. தொலைவிலிருந்து பெயின்ட் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எண்ணும் ஏமாற்றும், உப்புக்காற்றிலும் வெயிலிலும் 536 வெளுத்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. உண்மை. ஆனால் எவ்வளவு வெளுத்தது என்று சொல்ல, வெளுக்காத மாதிரி அட்டை ஒன்று வேண்டும். எண் நம்மை அந்த அட்டைக்குத்தான் அழைத்துப்போகிறது. கிரிம்சனுக்கும் ஸ்கார்லெட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடம் செய்தவரைவிட, இரண்டு மாதிரி அட்டைகளைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கே சிவப்பு தெரியும். பேசுவதற்கு அரக்கோ மெரூனோ எதுவும் போதும். கேட்டு வாங்கும்போது எண்ணையும் எழுத வேண்டும்.