விலகிச் செல்வதே வெற்றி: ‘வெஸ்நாத்’ விளையாட்டின் தொடக்கக் காட்சியில் விதியும் கதையும்

ஆய்வுச்சுருக்கம்

‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்பது தன்னார்வலர்கள் கூடி உருவாக்கிய உத்திசார் கணினி விளையாட்டு. அதன் முதன்மைத் தொடர்கதைகளுள் ஒன்றான ‘ஏர் டு த த்ரோன்’ முற்றுகையிடப்பட்ட வனம் ஒன்றிலிருந்து தப்பிச் செல்லும் காட்சியுடன் தொடங்குகிறது. அக்காட்சியை ஆடிப் பயின்று, உரையாடல் சொல்லும் கதையும் ஆட்டவிதிகள் சொல்லும் கதையும் எங்கே ஒன்றுகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விதி யாருடைய இழப்பைக் கணக்கில் கொள்கிறது, யாருடைய இழப்பைக் கணக்கில் கொள்ளாது விடுகிறது என்பதிலேயே காட்சியின் அறம் அமைந்துள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, ரசிகர் ஆக்கம், ஆட்டவிதி, பாடவேறுபாடு, புறத்திணை, நொச்சி, நடுகல்.

1. முன்னுரை

கணினி விளையாட்டுகளைக் கதைப் பனுவல்களாகக் கொண்டு ஆராயும்போது, அவற்றின் உரையாடலையும் கதைச்சுருக்கத்தையும் மட்டும் பிரித்தெடுத்து, புதினத்தைத் திறனாய்வதுபோல் திறனாயும் போக்கு எளிதில் நேர்கிறது. இதனால் விளையாட்டுக்கே உரிய கூறான விதி ஆய்வுக்கு வெளியே நின்றுவிடுகிறது. எது வெற்றி, எது தோல்வி, எதற்கு என்ன விலை என்று வரையறுப்பவை விதிகளே. ஆடுபவர் அவ்வரையறைகளுக்குள் முடிவெடுக்கிறார். அம்முடிவுகளின் தொகுதியே அவர் பெறும் கதை. எனவே ஒரு விளையாட்டின் தொடக்கத்தைப் படிப்பது என்பது அதன் விதிகளையும் சேர்த்துப் படிப்பதாகும்.

இவ்வாய்வுக்கு வெஸ்நாத் பொருத்தமான களம். இவ்விளையாட்டில் வரைபடம் அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இருதரப்பும் சுற்றுமுறையில் வீரர்களை நகர்த்துகின்றன. வீரர்கள் போரிட்டு அனுபவப் புள்ளிகள் பெற்று உயர்நிலை அடைகின்றனர். ஒரு காட்சியில் பிழைத்தவர் அடுத்த காட்சிக்கும் வருகின்றனர். உத்தி விளையாட்டும் பாத்திரமேற்பு விளையாட்டும் சந்திக்கும் இடம் இது.

2. ரசிகர் ஆக்கமும் பாடச் சிக்கலும்

டேவிட் வைட் என்பவர் 2003ஆம் ஆண்டில் இவ்விளையாட்டைத் தொடங்கினார். சேகா மெகா டிரைவ் கருவிக்கு வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் மான்ஸ்டர்ஸ்’, ‘வார்சாங்’ ஆகிய விளையாட்டுகளே அவருக்கு உந்துதலாக அமைந்தன. ரசிகர் ஆக்கங்கள் இருவகைப்படும். பிறர் படைத்த விளையாட்டின் கோப்பையே திருத்தி அதற்குள் புதிய கதையைப் புகுத்துவது ஒருவகை. தாம் விரும்பிய விளையாட்டுகளின் இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நிரலையும் ஓவியத்தையும் இசையையும் கதையையும் புதிதாக ஆக்குவது மற்றொரு வகை. வெஸ்நாத் இரண்டாம் வகையைச் சார்ந்தது. கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிடப்பட்டதால் பலர் அதில் இணைந்தனர். 1.0 பதிப்பு 2005இல் வெளிவந்தது.

இம்முறையிலான ஆக்கம் ஆய்வாளருக்கு ஒரு பாடச் சிக்கலை எழுப்புகிறது. காட்சிகளின் உரையாடல், படை அமைப்பு, சுற்று எல்லை முதலியன எவரும் திறந்து படிக்கக்கூடிய உரைக்கோப்புகளில் உள்ளன. அவை பதிப்புதோறும் பலரால் திருத்தப்பட்டு வந்துள்ளன. ஆகவே ‘வெஸ்நாத்தின் தொடக்கம்’ என்ற ஒற்றைப் பனுவல் இல்லை. பாடவேறுபாடுகள் கொண்ட வரிசை ஒன்றே உள்ளது. ஓலைச்சுவடிப் பதிப்பில் எந்தச் சுவடியைக் கொண்டோம் என்று குறிப்பது எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது இங்கே பதிப்பெண்ணைக் குறிப்பது. இக்கட்டுரை 2018இல் வெளிவந்த 1.14 வரிசையின் பாடத்தைக் கொள்கிறது.

3. முன்கதை

காட்சி தொடங்குமுன் படங்களுடன் கூடிய எடுத்துரைப்பு வருகிறது. வெஸ்நாத்தின் மன்னன் கேரார்ட், ஓர்க்குகளுடன் நிகழ்ந்த போரில் சொந்த மகன் எல்ட்ரெட்டின் கையால் இறக்கிறான். இதன்பின் இருப்பது அரசி அஷெவியரின் சூழ்ச்சி. எல்ட்ரெட்டும் மாண்டபின் அரசி ஆட்சியைக் கைப்பற்றி, உரிமை கோரத்தக்க இளவரசர்களைக் கொல்ல ஆணையிடுகிறாள். முதிய மாயவித்தகரான டெல்ஃபேடர், இளவரசர்களுள் இளையவனான கான்ராட்டைக் காப்பாற்றி எல்ஃபுகளின் வனத்தில் வளர்க்கிறார். கான்ராட் வளர்ந்த நிலையில், அரசியின் ஏவலால் ஓர்க்குகள் அவ்வனத்தைச் சூழ்கின்றன. ஆட்டம் இவ்விடத்தில் ஆடுபவர் கைக்கு வருகிறது.

இம்முன்கதை செறிவானது, ஆனால் முழுவதும் சொல்லப்படுவது. துரோகமும் கொலையும் சில படங்களில் முடிந்துவிடுகின்றன. உணர்வின் கனம் ஏதும் இதில் கூடவில்லை. முற்றுகைக் களத்தில் கான்ராட் திகைத்துக் கேட்பதும், எதிரிகள் மிகுதி என்பதால் தப்பிச் செல்லவேண்டும் என்று டெல்ஃபேடர் விடையளிப்பதும் சுருக்கமான உரையாடல்களே. எழுத்தளவில் மட்டும் மதிப்பிடுவோமாயின், பழகிய மிகைக்கற்பனைக் கதையின் பழகிய தொடக்கம் என்று கூறி நகர்ந்துவிடலாம். அவ்வாறு நகர இயலாதபடி செய்வது அடுத்து வரும் ஆட்டம்.

4. விதி சொல்லும் கதை

காட்சியின் வெற்றி நிபந்தனை ஒன்றே: குறித்த சுற்றுகளுக்குள் கான்ராட் வடமேற்கிலுள்ள வழிகாட்டிப் பலகையை அடையவேண்டும். கான்ராட் இறந்தாலும் டெல்ஃபேடர் இறந்தாலும் சுற்றுகள் தீர்ந்தாலும் தோல்வி. எதிரியை வெல்வது நிபந்தனையில் இல்லை. போர் விளையாட்டின் முதல் பாடமே போர்க்களத்தை விட்டு நீங்குவதாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

நீங்குவது எளிதன்று. கான்ராட் முதல்நிலை வீரன். டெல்ஃபேடர் ஐந்தாம் நிலையினர். அவருடைய மின்னல் தாக்குதல், மாயத் தாக்குதல்களுக்கு உரிய விதிப்படி, எந்நிலத்திலும் நூற்றுக்கு எழுபது என்ற அளவில் இலக்கைத் தாக்கும். அவரை முன்னே நிறுத்தினால் வழி திறக்கும்; ஆனால் அவர் வீழ்ந்தால் ஆட்டம் முடியும். மேலும் அவர் கொல்லும் ஒவ்வோர் எதிரியும் இளைய வீரர் ஒருவர் இழக்கும் அனுபவம். முதல்நிலை எதிரியோடு பொருதினால் ஒரு புள்ளி. அவனைக் கொன்றால் எட்டுப் புள்ளிகள். ஆசிரியர் எப்போது முன்வரவேண்டும், எப்போது ஒதுங்கி மாணவனை ஆடவிடவேண்டும் என்ற சிக்கலை உரையாடல் ஓரிடத்திலும் பேசவில்லை. விதி அதை ஒவ்வொரு சுற்றிலும் பேசுகிறது.

பொழுதும் ஒரு விதியாகிறது. ஒருநாள் ஆறு சுற்றுகளாக ஓடுகிறது. பகலில் கான்ராட், டெல்ஃபேடர் போன்றோரின் தாக்குதல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு கூடுகிறது. இரவில் அதே அளவு குறைகிறது. ஓர்க்குகளுக்கு இது நேர்மாறு: பகலில் குன்றியும் இரவில் கூடியும் தாக்குவர். எல்ஃபுகளுக்குப் பொழுதால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவர்களுக்கு அரண் காடு. மரங்களுக்கிடையே நிற்கும் எல்ஃபை எதிரியின் வாள் பெரும்பாலும் தவறவிடும். எனவே இருள் கவியும்போது கான்ராட் விரைந்து நடக்க, அவன் பின்னே காட்டோரத்தில் எல்ஃபு வீரர்கள் நின்று தடுக்கும் அமைப்பு இயல்பாகவே உருவாகிறது. அவ்வீரர்களை அங்கே நிறுத்தியது எழுத்தாளர் அல்லர், ஆடுபவர்.

இங்கே கணக்கு ஒன்று நுழைகிறது. எல்ஃபுப் போர்வீரன் ஒருவனைச் சேர்க்கப் பதினான்கு பொன். பிழைத்த வீரனை அடுத்த காட்சியில் மீண்டும் அழைக்க, அவன் எந்நிலையினனாயினும், இருபது பொன். பழகிய வீரன் இறந்தால் இழப்பு அடுத்தடுத்த காட்சிகளிலும் தொடரும். பின்னணியில் நிற்பவரைத் தேர்வதென்பது எதிர்காலத்தில் யார் இல்லாமலிருப்பார் என்று தேர்வதாகும்.

ஆனால் விதியின் மறுபக்கம் ஒன்றையும் காணவேண்டும். கான்ராட் பலகையை அடைந்த நொடியில் காட்சி முடிகிறது. அப்போது உயிரோடிருக்கும் ஆடுபவரின் வீரர் அனைவரும், அவர்கள் வரைபடத்தின் எம்மூலையில் இருப்பினும், எதிரிகளால் சூழப்பட்டிருப்பினும், நலமடைந்து அடுத்த காட்சிக்கு உரியவராகின்றனர். கதைப்படி அவர்கள் கைவிடப்பட்டவர்கள், விதிப்படி காப்பாற்றப்பட்டவர்கள். உரையாடலும் விதியும் முரண்படும் முதல் இடம் இது.

இரண்டாம் இடம் இதனினும் கூரியது. அதே வனத்தில் கால்ட்ராட் என்னும் எல்ஃபுத் தலைவன் கணினி இயக்கும் துணைப் பக்கமாகப் போரிடுகிறான். கான்ராட் வளர்ந்த மண்ணைக் காக்க நிற்பவன் அவனே. அவன் வீழ்வது தோல்வி நிபந்தனையில் இல்லை. அவனுடைய வீரர்கள் இறந்தால் ஆடுபவரின் பட்டியலில் எதுவும் குறைவதில்லை. பிழைத்தால் எதுவும் கூடுவதில்லை. ஆடுபவர் தன் பதினான்கு பொன் வீரனின் உயிருக்குத் தயங்கி, அருகில் நிற்கும் கால்ட்ராட்டின் வீரனை எதிரியின்முன் விட்டு விலகுவதே ஆட்டத்தில் அறிவுடைமை. தன்னை வளர்த்தவர்களின் சாவு கான்ராட்டின் கணக்கில் ஏறுவதேயில்லை.

5. புறத்திணை நோக்கு: பொருந்துமிடமும் பொருந்தாவிடமும்

இம்முரணை விளக்கப் புறத்திணை மரபு துணைசெய்கிறது; ஆனால் காட்சிக்குத் திணைப்பெயர் சூட்டுவதோடு நின்றால் பயனில்லை. முற்றுகையிட்ட பகைவரிடமிருந்து அரணைக் காப்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சி எனத் தனித்திணையாக்குகிறது. தொல்காப்பியம் அதனை உழிஞையுள் அடக்குகிறது. கால்ட்ராட்டின் நிலை இதனுள் அடங்கும். கான்ராட்டின் நிலை அடங்காது. அவன் காக்கவுமில்லை, முற்றுகையிடவுமில்லை; நீங்குகிறான். வெண்ணிப் போரில் பெற்ற புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனை நினைவில் கொண்ட மரபு, பகைவருக்கு முதுகு காட்டி நடப்பதை வெற்றி என்னாது.

பயன் தரும் ஒப்பீடு வேறிடத்தில் உள்ளது. காத்து இறந்தவனுக்கு அம்மரபு நடுகல் நாட்டியது. கல்லைத் தேர்வது தொடங்கி வாழ்த்துவது ஈறாக அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இறப்பைச் சமூகத்தின் நினைவில் பதிவுசெய்யும் முறை அது. வெஸ்நாத்தின் விதிக்கும் ஒரு நினைவு உண்டு: பிழைத்தவர் பட்டியல். இறந்தவருக்கு அதில் இடமில்லை. துணைப் பக்கத்தாருக்கு இருந்தபோதும் இடமில்லை. கால்ட்ராட்டுக்கு நடுகல் இல்லை என்பது கதையாசிரியரின் மறதி மட்டுமன்று. விதியின் அமைப்பும் அதுவே.

6. பின்னோக்கிய வாசிப்பு

தொடர்கதையின் பிற்பகுதியில் டெல்ஃபேடர் உண்மையொன்றை வெளிப்படுத்துகிறார். இளவரசன் கான்ராட் குழந்தையிலேயே கொல்லப்பட்டுவிட்டான். இப்போதிருப்பவன் அவன் பெயரில் வளர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தை. அரியணைக்குக் குருதியுரிமை உடையவள் அஷெவியரின் மகளான லிசார்.

இதனையறிந்து தொடக்கத்துக்குத் திரும்பினால் தோல்வி நிபந்தனையே பொருள் மாறுகிறது. ‘கான்ராட் இறந்தால் தோல்வி’ என்ற விதியை ஆடுபவர் கேள்வியின்றி ஏற்றார். அரசகுருதியைக் காக்கவேண்டும் என்பதே அதன் காரணம் எனக் கொண்டார். அக்காரணம் பொய். டெல்ஃபேடர் அதனை அறிந்திருந்தார். வீரர்களைக் காட்டோரத்தில் நிறுத்தியபோது ஆடுபவர் நம்பியதும், கால்ட்ராட்டை விட்டு நீங்கியபோது தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட நியாயமும் அப்பொய்யின் மேல் எழுந்தவை. கதைமாந்தர் சொல்லும் பொய்யை வாசகர் ஐயுறலாம். விதியை ஐயுற்றால் ஆடவே இயலாது. அதனால்தான் இவ்வெளிப்பாடு தாக்கம் பெறுகிறது.

7. மறுப்புகள்

இவ்வாசிப்புக்கு எதிராக இரண்டைக் கூறலாம். முதலாவது, சேமித்த ஆட்டத்தை மீளத் திறக்கும் வசதி. தாக்குதலின் விளைவு தற்செயலைச் சார்ந்ததாகையால், வீரனை இழந்தவர் முந்தைய சுற்றுக்குத் திரும்பி வேறு விளைவைப் பெறலாம். இழப்பின் கனத்தை இது குறைக்கிறது என்பது உண்மை. ஆயினும் இவ்வசதியும் வேறுபாட்டை அழிக்கவில்லை: ஆடுபவர் தம் வீரனுக்காகத் திரும்புகிறார், கால்ட்ராட்டின் வீரனுக்காகத் திரும்ப விதி அவருக்குக் காரணம் எதையும் தருவதில்லை.

இரண்டாவது, ஓர்க்குகள் இங்கே முகமற்ற பகையாகவே வருகின்றனர். அறம் பேசும் காட்சியாக இதைக் கொள்வது மிகை என்பது. இக்குறை மறுக்கத்தக்கதன்று. எனினும் கூட்டு ஆக்கத்தில் குறைக்கு விடை அதே உலகிற்குள்ளேயே எழக்கூடும். ஓர்க்குத் தலைவன் ஒருவனை நாயகனாக்கிய ‘சன் ஆஃப் த பிளாக் ஐ’ என்ற தொடர்கதையும் வெஸ்நாத்தின் முதன்மைத் தொகுப்பிலேயே உள்ளது. அதில் முற்றுகையின் மறுபுறத்தில் நிற்பவர் ஆடுபவர்.

8. முடிவுரை

இத்தொடக்கக் காட்சியின் உரையாடல் எளியது, முன்கதை பழகியது. அதன் வலிமை விதியில் உள்ளது. நீங்குவதை வெற்றியாக்கி, நீங்குதலின் விலையை ஆடுபவரின் கையாலேயே கொடுக்கவைத்து, அவ்விலையின் ஒரு பகுதியை மட்டும் கணக்கில் எழுதுகிறது இக்காட்சி. எழுதப்படாத பகுதி கால்ட்ராட்டும் அவன் வனமும். உரையாடலை மட்டும் பிரித்துப் படிக்கும் ஆய்வுக்கு இவ்விடுபடல் புலப்படாது; ஏனெனில் அது எந்த வரியிலும் இல்லை, வெற்றி நிபந்தனையின் சொற்சுருக்கத்தில் உள்ளது.

எனவே தமிழில் விளையாட்டுத் திறனாய்வு மேற்கொள்வோர் மூன்றைக் கருத்தில் கொள்ளலாம்: எப்பதிப்பைக் கொண்டோம் எனக் குறித்தல், வெற்றி தோல்வி நிபந்தனைகளைப் பனுவலின் பகுதியாகவே படித்தல், தமிழ்ப் பொருளிலக்கணக் கருவிகளை அவை பொருந்துமிடத்தில் மட்டுமன்றி, பொருந்தாது நிற்குமிடத்திலும் பயன்படுத்துதல். நடுகல் இல்லாத களத்தை அடையாளம் காண, நடுகல்லை அறிந்த மரபுக்குத் தனித்த கண் உண்டு.