ஆணியில்லா அரண்மனையும் அயலார் கண்ணும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம்மனோர் நூறாண்டுக்கு மேலாக மலாய்க் கம்பங்களின் ஓரத்திலேயே வாழ்ந்தனர். எனினும் அக்கம்பத்து மரவீடுகளைக் கட்டடக் கலையென்று எண்ணிப் பார்த்தவர் நம்முள் மிகச் சிலரே. கல்லில் எழுந்ததே கலை என்று தஞ்சைப் பெரிய கோயில் நம் கண்ணைப் பழக்கிவிட்டது.

செரி மெனாந்தியிலுள்ள பழைய அரண்மனையைக் காண்க. முன்னிருந்த அரண்மனையை 1875ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயப் படை கொளுத்தியது. இதுவோ கஹார், தாயிப் என்னும் மலாய்த் தச்சர் இருவரின் கைவண்ணத்தில், 1902 முதல் 1908 வரை, நான்கு நிலைகளாக எழுந்தது. தூண்கள் 99, அவை போர்வீரர் 99 பேரைக் குறிப்பன என்பர். மாணவரை அழைத்துச் சென்ற ஆசிரியர் பலரும் தூண்களை எண்ணச் சொல்வதோடு நின்றுவிட்டனர். எண்ணிக்கையிலா இருக்கிறது அதன் பெருமை?

இரும்பாணி இல்லாமையையும் விந்தையென்றே பேசுகிறோம். அது விந்தையன்று, தச்சரின் பட்டறிவு. ஈரம் மிகுந்த இந்நாட்டில் இரும்பு துருவேறித் தன்னைச் சூழ்ந்த மரத்தையும் கெடுக்கும். மரமுளையோ மரத்தோடு சேர்ந்தே விரியும், சுருங்கும். வேண்டுங்கால் பிரிக்கவும் இயலும். அம்பாங் திங்கி அரண்மனையை 1953இல் பிரித்தெடுத்துச் சிரம்பானில் மீண்டும் நிறுத்தினார்களே, கற்கோயிலில் அது எளிதாகுமா?

குறையும் சொல்லவேண்டும். ஏற ஏறச் சுருங்கும் மேல்நிலைகள் தொலைவிலிருந்தே கண்ணை இழுக்கின்றன. ஆயினும் மலாய் வீட்டின் உயிர், காற்றோடும் அகன்ற முன்கூடத்தில் இருப்பது. அவ்வுயிர் அடிநிலையில்தான் நிறைந்திருக்கிறது. மேலே அரச மிடுக்கே மிகுதி என்பது என் கருத்து.

மரம் நமக்கும் அயலன்று. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றிக் கோயில் அமைத்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டில் மகேந்திரவர்மன் சிறப்பாகக் குறிக்கின்றான். ஏழாம் நூற்றாண்டுக்கு முன்னர் நம் கோயில்கள் அப்பொருள்களால் ஆனவை என்பது இதனால் பெறப்படும். அவை அழிந்தன, நாமும் மறந்தோம். பின்லாந்தினரோ, 1763 முதல் 1765 வரை நாட்டுத் தச்சர் மரத்தால் கட்டிய பெட்டாயவெசித் தேவாலயத்தைப் போற்றிக் காத்தனர். 1994இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று.

நம் லயங்களும் கட்டடங்களே. அவற்றை வரைந்தவர் அங்கே குடியிருந்தவரல்லர். வாசலில் பந்தலிட்டும் அடுப்படியை நீட்டியும் அவற்றை வீடாக்கியவர் தோட்டத்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பல லயங்கள் மறைந்துபோயின. செரி மெனாந்திக்குப் போகும் ஆசிரியர்கள், வழியில் எஞ்சிநிற்கும் லயமொன்றையும் மாணவரைக் கொண்டு அளந்து வரையச் செய்யலாம். ஒரு கயிறும் தாளும் போதும்.