இரத்த வளர்ப்புச் சோதனையில் தோல்கிருமிக் கலப்பு: மதுரையும் இலங்கையும்

நோயாளியின் நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தை ஊட்டநீர் நிறைந்த குப்பியில் இட்டு, உடல்வெப்ப நிலையில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதே, மருத்துவமனைகளில் பிளட் கல்ச்சர் என வழங்கும் இரத்த வளர்ப்புச் சோதனையாகும். ஊசி தோலைத் துளைக்கும்போது, அங்கே இயல்பாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்றவை உடன்சென்று குப்பியில் வளர்ந்துவிட்டால், இரத்தத்தில் இல்லாத தொற்று இருப்பதாகத் தோன்றி, வேன்கோமைசின் போன்ற வலிய மருந்து தேவையின்றி ஏற்றப்படுகிறது. இக்கலப்பு 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது ஆய்வகங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள வரம்பு.

கலப்பைத் தவிர்க்கும் நெறி இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளுக்கும் பொதுவானது. ஆல்கஹாலில் கரைத்த குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநீக்கியால் தோலைத் துடைத்து முழுதும் உலர விடுவதும், துடைத்த இடத்தை மீண்டும் விரலால் தடவாதிருப்பதும், குப்பியின் ரப்பர் மூடியையும் துடைப்பதும், முன்பே பொருத்திய வென்ஃப்ளான் எனும் நாளக்குழாயிலிருந்து எடுக்காமல் வெவ்வேறு இரு இடங்களில் புதிதாகக் குத்தி எடுப்பதும் அதன் கூறுகள். இரண்டாம் இடம் இன்றியமையாதது. ஏனெனில் ஒரே இடத்து இரத்தத்தில் மட்டும் வளர்ந்த தோல்கிருமி பெரும்பாலும் கலப்பு, இரண்டிலும் வளர்ந்தது பெரும்பாலும் நோய்.

வேறுபாடு, அதைச் செய்வோரின் பணிமுறையில் இருக்கிறது. இலங்கையில் இரத்தம் எடுப்பது பெரிதும் வார்டு மருத்துவரின் பொறுப்பு. உள்ளகப் பயிற்சி மருத்துவர் ஓராண்டை ஆறாறு மாதங்களாகப் பிரித்து இரண்டு துறைகளில் மட்டுமே கழிப்பதால், வார்டின் கலப்பு விகிதத்தை நுண்ணுயிரியல் நிபுணரும் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியும் எடுத்துரைத்தால் அவர் அங்கேயே திருத்திக்கொள்ள இயலும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இந்தியப் போதனை மருத்துவமனைகளிலோ, இரத்தம் எடுக்கும் பயிற்சி மருத்துவர்கள் சில வாரங்களுக்கொருமுறை துறை மாறுகின்றனர். ஆகவே திருத்தம் வருமுன் திருந்த வேண்டியவர் வேறு வார்டுக்குச் சென்றுவிட நேரும்.

கலப்பு மிகுந்தால் ஆய்வகம் உண்மைக் கிருமியையும் ஐயுறத் தொடங்கும் என்பது இதனினும் பெரிய கேடு. எடுத்துக்காட்டாக, 1927இல் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகரிடம் இலங்கையில் பதிவான மெலியோய்டோசிஸ் என்னும் நோய், ஈர மண்ணில் வாழும் கிருமியால் உண்டாகி, நெல்வயல் உழவரையும் நீரிழிவு நோயாளரையும் தாக்குவது. இக்கிருமி கலப்பெனவோ சாதாரண சூடோமோனாஸ் எனவோ ஒதுக்கப்படக் கூடியதாகையால், 2006க்குப் பிந்தைய முனைப்பான கண்காணிப்புக்குப் பிறகே அந்நோய் அங்கே பரவலாக அறியப்பட்டது. பெரியாறு–வைகைப் பாசன வயல்களும் நீரிழிவும் சேர்ந்த மதுரைச் சமவெளிக்கும் இப்பாடம் பொருந்தும்.

ஆகவே மதுரைக்கு வேண்டியது புதிய நெறியன்று. வார்டில் நிலைத்துப் பணியாற்றும் செவிலியரிடம் இப்பொறுப்பையும் அதற்கான பயிற்சியையும் ஒப்படைத்து, வார்டுவாரியான கலப்பு விகிதத்தை மாதந்தோறும் அவர்களுக்கே தெரிவிப்பதுதான், மாறிக்கொண்டேயிருக்கும் பணியாளரிடையே மாறாத ஒழுங்கைக் காக்கும் வழி.