பக்கத்தில் ஒரு நாற்காலி

2025 மார்ச்சில் 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்' என்ற கேம் வெளிவந்த நாளிலிருந்து ஒரு பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரே திரையைப் பிளந்து பலர் ஆடும் ஸ்பிளிட் ஸ்கிரீன் செத்துப்போய்விட்டது என்று புலம்பினீர்களே, ஒரே வாரத்தில் 20 லட்சம் பிரதி விற்றிருக்கிறதே, இப்போது என்ன சொல்கிறீர்கள்? அதை உருவாக்கிய ஸ்வீடன் ஸ்டூடியோ, ஹேஸ்லைட், முன்பு செய்த 'இட் டேக்ஸ் டூ' 2021-இல் கேம் அவார்ட்ஸ் மேடையில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வானபோதும் இதையேதான் கேட்டார்கள். அந்த ஆட்டம் 2 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. சந்தோஷம். ஆனால் ஹேஸ்லைட்காரர்கள் கதையையே இரண்டாகப் பிளந்த திரைக்காக எழுதுகிறவர்கள். திரையை எடுத்துவிட்டால் அங்கே கதையும் இல்லை. அவர்களைக் காட்டி மற்ற எல்லோருக்கும் நற்சான்றிதழ் கொடுப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கன்சோலில் ஸ்பிளிட் ஸ்கிரீன் வசதி குறைந்துவருகிறது என்றால், கம்ப்யூட்டரில் அது எப்போதுமே அரிது. ஏன் என்று கேட்டால் வருகிற பதில்களில் சிலவற்றை மறுக்க முடியாது. ஒரு காட்சியை இரண்டு கோணங்களில் வரைய கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கூடுதல் வேலை. எது கண்ணுக்குத் தெரியும், எது மறையும் என்ற கணக்கையும் இரண்டு முறை போட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒருவர் நகரத்தின் கடைத்தெருவிலும் இன்னொருவர் எங்கோ ஒரு நிலவறையிலும் நின்றால் இரண்டு இடங்களும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். 'பால்டர்ஸ் கேட் 3' இதில்தான் மாட்டிக்கொண்டது. 10 ஜிபி நினைவகம் கொண்ட எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்-இல் அதன் பிளவுத் திரை சரிப்பட்டு வராமல், 2023 டிசம்பரில் அந்த வசதி இல்லாமலே வெளியிட்டார்கள். 2025 ஏப்ரலில்தான் அது வந்து சேர்ந்தது. அது நேர்மையான சிரமம்.

கம்ப்யூட்டர் உலகம் கூடி விளையாட வேறு வழி கண்டுபிடித்தது என்பதும் உண்மை. 1993-இல் வந்த 'டூம்' நான்கு கம்ப்யூட்டர்களை ஒரே வலையில் கோத்தது. அவரவர் திரை அவரவருக்கு. கன்சோலில் 'கோல்டன்ஐ' ஆடியவர்களுக்குத் தெரியும், நான்காகப் பிரிந்த டிவியில் அடுத்தவன் எந்த மூலையில் பதுங்கியிருக்கிறான் என்று கடைக்கண்ணால் பார்ப்பதே பாதி ஆட்டம். வலையில் அந்தத் திருட்டுக்கு வழியில்லை. நம் ஊர் பிரவுசிங் சென்டர்கள் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு 'கவுண்ட்டர் ஸ்ட்ரைக்' ஆடவிட்டதும் இந்த ஏற்பாட்டில்தான்.

ஆனால் மெஷினுக்குச் சக்தி போதாது என்கிற வாதம் மட்டும் எனக்கு ஒருநாளும் இறங்கியதில்லை. 1998-இல் 'நீட் ஃபார் ஸ்பீட் III' கம்ப்யூட்டர் திரையை இரண்டாகப் பிளந்து இரண்டு பேரை ஓட்டவிட்டது. இன்று பலர் கையில் இருக்கும் போன் அந்தக் காலத்து மெஷினை விழுங்கி ஏப்பம் விடும். சரி, பழைய கதை, காட்சிகளும் எளிமை என்பீர்கள். 2012-க்கு வருவோம். 'பார்டர்லேண்ட்ஸ் 2' பிளேஸ்டேஷன் 3-இல் ஸ்பிளிட் ஸ்கிரீனோடு வந்தது. அந்தப் பெட்டி வெளியானது 2006-இல்; அதன் நினைவகம் 256 எம்பி, படத்துக்கென்று இன்னொரு 256. அதே ஆட்டம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது ஸ்பிளிட் ஸ்கிரீன் இல்லை. அன்றைக்கு அந்த ஆட்டத்தை ஓட்டிய எந்தச் சுமாரான கம்ப்யூட்டரிலும் இதைப்போலப் பல மடங்கு நினைவகம் இருந்தது. 2009-இல் வந்த 'லெஃப்ட் ஃபோர் டெட் 2' இன்னும் வேடிக்கை. எக்ஸ்பாக்ஸ் 360-இல் மெனுவிலேயே இருந்த வசதி கம்ப்யூட்டர் பதிப்பில் மெனுவில் இல்லை. ஆனால் உள்ளே இருந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து தட்டியெழுப்பத் தெரிந்தவர்களுக்குத் திரை பிளந்தது. கட்டிவைத்த அறைக்குப் பூட்டுப்போட்டுவிட்டு, வீட்டில் இடமில்லை என்று சொல்வதைப் போன்றது இது.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி 'நியூக்ளியஸ் கோ-ஆப்'. ஆர்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள். அது செய்வது ஒரு முரட்டு வேலை: ஆட்டத்தையே இரண்டு முறை திறக்கிறது, இரண்டு சன்னல்களையும் ஓரம் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிறது, ஒரு கண்ட்ரோலரை இதற்கும் மற்றதை அதற்கும் பிரித்துவிடுகிறது, ஒரே மெஷினுக்குள் இரண்டும் வலைவழியே பேசுவதாக நம்பவைக்கிறது. முறையான ஸ்பிளிட் ஸ்கிரீனில் உலகம் ஒன்று, கண்கள் இரண்டு. இங்கே உலகமே இரண்டு, நினைவகத்திலும் இரண்டு மடங்குச் சுமை. இத்தனை விரயத்தோடும் ஓடுகிறது. குறைந்த வேலையைச் செய்ய முடியாத மெஷின் கூடுதல் வேலையை எப்படிச் செய்கிறது என்று யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

விளக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஆள் என்று இந்தத் துறை தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டது. விண்டோஸில் இரண்டு மவுஸைச் செருகிப் பாருங்கள். இரண்டும் ஒரே அம்பைத்தான் இழுக்கும். இரண்டு பேர் ஒரே வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தாற்போல. எந்த அசைவு எந்த மவுஸிலிருந்து வந்தது என்று பிரித்தறியும் வழி விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே உள்ளே உண்டு. பெங்களூரில் இருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆய்வுக்கூடம் 2006-லேயே இதைக் கையில் எடுத்தது. இந்தியப் பள்ளிகளில் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்க, மவுஸ் ஒரே பிள்ளையின் கையில் இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆளுக்கொரு மவுஸ், திரையில் ஆளுக்கொரு அம்பு என்று செய்து காட்டினார்கள். மற்ற மென்பொருள்காரர்களும் பயன்படுத்தும்படி அது மல்டிபாயிண்ட் என்ற பெயரில் வெளிவரவும் செய்தது. அதாவது வழி தெரியாமல் இல்லை. கேம் துறை அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் 15 அங்குல மானிட்டர், ஒரே கீபோர்டு. சாப்பாட்டு மேசையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணன் அம்புக்குறிகளிலும் நான் டபிள்யூ-ஏ-எஸ்-டியிலும் கார் ஓட்டுவோம். மலிவான கீபோர்டுக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு விசைகளுக்கு மேல் கணக்குத் தெரியாது. அண்ணன் வேகத்தையும் வளைவையும் சேர்த்து அழுத்தினால் என் கார் நடுரோட்டில் நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்த பிறகு, வேண்டுமென்றே தேவையில்லாத விசைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜெயித்தான். ஆக, அந்தக் குறையும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இன்று நான்கு கண்ட்ரோலர்களைச் செருகினால் நான்கையும் விண்டோஸ் தனித்தனியாகவே அறிகிறது. 2015 முதல் 'ராக்கெட் லீக்' அதைவைத்து நான்கு பேரை ஒரே மானிட்டரில் ஆடவிடுகிறது.

மிச்சமிருப்பது காசு. ஸ்பிளிட் ஸ்கிரீனில் ஒரு பிரதி நான்கு பேருக்கு. ஆன்லைனில் நான்கு பேருக்கு நான்கு பிரதி, நான்கு கணக்கு. அந்தக் கணக்குகளுக்குத் தொப்பியும் துப்பாக்கிக்கு அலங்காரத் தோலும் விற்கலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவனுக்குக் கணக்கு இல்லை, பெயர் இல்லை, அவனிடம் எதையும் விற்க முடியாது. கம்ப்யூட்டர் ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2024-இல் வந்த ஸ்டீம் ஃபேமிலீஸ் ஆறு பேர் வரை ஒரே வீட்டாரின் ஆட்டங்களைப் பகிரவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அண்ணனும் தம்பியும் ஒரே ஆட்டத்தை ஒரே நேரத்தில் ஆட வேண்டுமென்றால் இரண்டு பிரதி வேண்டும். இதே ஸ்டீம் 2019-இல் ரிமோட் பிளே டுகெதர் கொண்டுவந்து, ஒருவர் வாங்கிய ஆட்டத்தைத் தூரத்து நண்பரும் ஆட வழிசெய்யவில்லையா என்பார்கள். செய்தது. அதுவும் ஒரே திரையில் பலர் ஆடும் வசதி உள்ள ஆட்டத்துக்குத்தான். ஹேஸ்லைட் இரண்டாமவர் பிரதி வாங்காமலே ஆட இலவச அனுமதி கொடுக்கிறது. அதற்காக அவர்களைப் பாராட்டவேண்டும், அதையும் பின்பற்றுகிற மற்றவர்கள் குறைவு. கம்ப்யூட்டரில் ஸ்பிளிட் ஸ்கிரீன் யாரும் கேட்பதில்லை என்று சொல்கிறவர்கள், பரிமாறாத பண்டத்தை யாரும் சாப்பிடவில்லை என்று கணக்கு எழுதுகிறார்கள்.

போன கோடை விடுமுறையில் அண்ணன் மகன் வந்திருந்தான். ஒன்பது வயது. லேப்டாப்பில் இரண்டு கண்ட்ரோலர்களைச் செருகி உட்கார்ந்தோம். நண்பன் வீட்டு டிவியில் இரண்டு பேராக ஆடியதாகச் சொன்ன ஒரு ஆட்டம் என்னிடமும் இருந்தது. திறந்தால் "நண்பரை அழைக்க" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அவனுடைய கணக்கைக் கேட்டது. கணக்குக்கு மின்னஞ்சல், மின்னஞ்சலுக்கு வயது, அதற்குப் பிறகு இன்னொரு பிரதி, இன்னொரு மெஷின்.

"சித்தப்பா, நீங்களே ஆடுங்க" என்று கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.