திறந்த மூல இயங்குதளம்: மரபும் பாணிகளும்

கணினியின் நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைக் காத்து, விசைப்பலகையில் நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் உரிய நிரலிடம் கொண்டு சேர்க்கும் ஆதார மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். அதன் மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிரதி எடுத்துப் பிறருக்கு வழங்கவும் இடங்கொடுக்கும் உரிமத்தோடு வெளிவந்தால் அது திறந்த மூல இயங்குதளம். மலேசியாவின் பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இன்று கைக்குக் கை காணப்படும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடிப்படையும் இந்த வம்சத்தில் பிறந்த லினக்ஸ் கருவே (இயங்குதளத்தின் மையப் பகுதியே) ஆதலால், இதன் சரித்திரம் நம் மலையகத்துக்கு அந்நியமானதன்று.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸே இம்மரபின் மூலபுருஷன். 1973-இல் அது சி மொழியில் மாற்றி எழுதப்பட்டதால், ஓர் இயந்திரத்துக்கு மட்டுமே உரியதாய் இருந்த நிலை நீங்கி, எந்த இயந்திரத்துக்கும் பெயர்த்துச் செல்லத்தக்கதாயிற்று. கணினி வியாபாரத்தில் இறங்கலாகாது என்ற சட்டக் கட்டுப்பாடு அந்நாளில் தாய் நிறுவனத்துக்கு இருந்தமையால், பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரல் சொற்பக் கட்டணத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழக மாணவர்கள் அதை விருத்தி செய்து தமக்கென ஒரு பாணியையே வகுத்துக்கொண்டனர்.

பிற்காலத்தில் நிரல்கள் பூட்டி வைக்கப்படுவதைக் கண்டு மனம் பொறாத ரிச்சர்டு ஸ்டால்மன், யூனிக்ஸை ஒத்த சுதந்திர இயங்குதளம் ஒன்றைப் படைக்கும் குனு திட்டத்தை 1983-இல் அறிவித்தார். இவ்விரு பாணிகளும் உரிமத்தில் வேறுபட்டன. பெர்க்லி நிரலுக்குரிய உரிமம், ஆசிரியர் பெயரைக் காத்தால் போதும், திருத்திய நிரலை மூடி விற்றாலும் விற்கலாம் என்கிறது. 1989-இல் வெளிவந்த குனு பொது உரிமமோ, திருத்தி வெளியிடுகிறவன் தான் பெற்ற சுதந்திரத்தைப் பெறுகிறவனுக்கும் தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. இரு பாணிகளின் பேதம் முழுவதும் இதில் அடங்கும். இவற்றுள் பின்னதே அறத்துக்கு இசைந்தது என்பது என் துணிபு.

1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கரு, முதலில் வணிகத்தைத் தடுக்கும் வேறோர் உரிமத்தில் இருந்தது. 1992-இல் அதைக் குனு பொது உரிமத்துக்கு மாற்றியதை அவர் செய்த காரியங்களுள் தலையாயதாகக் கருதுகிறேன். அவ்வாண்டிலேயே பெர்க்லி வழிவந்த நிரல் மீது தொடரப்பட்ட வழக்கு 1994 வரை நீடிக்க, அந்த இடைவெளியில் லினக்ஸ் வேரூன்றிற்று. அக்கருவோடு பிற நிரல்களையும் சேர்த்துத் தரும் வழங்கல்களாக 1993-இல் ஸ்லாக்வேரும் டெபியனும், 2004-இல் உபுண்டுவும் தோன்றின. இவற்றுள் டெபியன் தனிச்சிறப்புடையது. தன்னார்வலர்களே நடத்தும் அது, 1997-இல் ஒரு சமூக ஒப்பந்தத்தை எழுதி வைத்து அதன்படியே இன்றளவும் ஒழுகி வருகிறது.

பாணிகள் பலவாயினும் இலக்கணம் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா? ஓர் இடத்தில் எழுதிய நிரல் பிற இடங்களிலும் ஓடும் பொருட்டு 1988-இல் போசிக்ஸ் நியமம் வகுக்கப்பட்டது. தமிழுக்கு ஒருங்குறியும், 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் அத்தகைய நியமங்களாயின. எழுத்துருவுக்கொரு குறியேற்றம் என்று சிதறிக் கிடந்த காலத்தில், நியமத்தைப் பற்றி உலகத் தமிழர் கூடி விவாதித்த மாநாடுகளுள் ஒன்று 2001-இல் கோலாலம்பூரில் நடந்தது. அரசுகளும் இம்மரபை ஆதரித்தன. சென்னை சிடாக் நிறுவனம் 2007-இல் பாஸ் லினக்ஸ் என்னும் வழங்கலை வெளியிட்டது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. மலேசிய அரசும் 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூலப் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. லினக்ஸில் நாணயக் குறி, தேதி எழுதும் முறை, மாதப் பெயர், வாரத்தின் முதல் நாள் முதலியவற்றை நாட்டுக்கு நாடு குறித்து வைக்கும் இடவமைவுக் கோப்புகள் உண்டு. அவற்றைத் தாங்கி வரும் குனு சி நூலகத்தில் தமிழ்–இந்தியா, தமிழ்–இலங்கை என இரண்டே இருக்கின்றன; தமிழைத் தேர்ந்தெடுக்கும் மலேசியனின் கணக்கில் ரிங்கிட்டுக்குப் பதில் ரூபாய் வந்து நிற்கும். நாணயத்துக்கு மட்டும் மலாய் அமைவைக் கடன் வாங்கி ஒட்டுப்போடலாம். நமக்கென ஓர் அமைவு இருப்பதற்கு அது ஈடாகாது. அக்கோப்பு நிரலன்று, தமிழும் இந்நாட்டு வழக்கமும் தெரிந்த எவரும் பழைய கோப்பைப் பார்த்துத் திருத்தி எழுதத்தக்க சாதாரண உரைக் கோப்பு. இம்மலரைப் படிக்கும் நம் வட்டாரத்து இளைஞர் ஒருவர் தமிழ்–மலேசியா இடவமைவை எழுதி, அந்நூலகத்தைப் பராமரிப்போருக்கு அனுப்பி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.